அவன் எண்ணில் ஏறிய வரி

மார்ச் 3

கணக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனம் வெளியிடும் பள்ளி அறிவியல் புத்தகங்களுக்குப் படம் வரைந்து தருபவள் நான். சம்பளக்காரி அல்ல. வேலை முடிந்ததும் பில் அனுப்புவேன். நீங்கள் அதில் நூற்றுக்குப் பத்து வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியை என் வங்கிக் கணக்கில் போடுவீர்கள். பிடித்த பத்தை என் வரி எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. வருஷ முடிவில் நான் கணக்குத் தாக்கல் செய்யும்போது, இவளிடம் ஏற்கெனவே பிடித்தாயிற்று என்று வரி அலுவலகத்தின் ஏடு சொல்லும். அதிகம் பிடித்திருந்தால் திரும்ப வரும்.

இதையெல்லாம் உங்களுக்கே விளக்குவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வருஷ ஏட்டில் என் எண்ணுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. நான் ஒரு புழுவைக்கூட வரையவில்லை, ஒரு காசுகூடச் சம்பாதிக்கவில்லை என்று சொல்கிறது அது. போன வருஷமே பார்த்திருக்க வேண்டும். போன வருஷம் நான் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை.

இப்போது பார்க்க வேண்டி வந்ததற்குக் காரணம், நான் குடியிருக்கும் அறை. கீழே சாவி செய்யும் கடை, மேலே இந்த ஒற்றை அறை. பகலெல்லாம் இரும்பை அராவும் சத்தம் பல்லைக் கூச வைக்கும். ஆனாலும் பெரிய ஜன்னல், நிழல் விழாத வெளிச்சம், குழந்தையின் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். சொந்தக்காரர் இதை விற்கப் போகிறார். முதலில் என்னிடம் கேட்டார். மே மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வங்கி கடன் தரத் தயார், ஆனால் இரண்டு வருஷ வருமானத்துக்கு வரி ஏடுதான் சாட்சி என்கிறார்கள். “சம்பாதிச்சேன்னு நீங்க சொல்றீங்க, ஏட்டுல ஒண்ணும் இல்லியேம்மா” என்று அதிகாரி கேட்டபோது நான் பைக்குள் எதையோ தேடுவது போல நடித்தேன்.

பிடித்த வரி எங்கே போனது என்று தெரிவிக்கவும். போனில் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று தோன்றியது.

இப்படிக்கு,
படம் வரைபவர்


மார்ச் 9

படம் வரைபவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுடைய எல்லா பில்லிலும் பிடித்த வரி, உரிய தேதிக்குள் முழுமையாகக் கட்டப்பட்டிருக்கிறது. ரசீதுகளின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். நிறுவனம் ஒரு காசையும் வைத்துக்கொள்ளவில்லை. தங்கள் எண்ணில் ஏன் காட்டவில்லை என்பதை விசாரித்துத் தெரிவிக்கிறேன்.

கணக்குப் பிரிவு மேலாளர்

இதற்குக் கீழே எழுதுவது அலுவலகம் சம்பந்தப்பட்டதல்ல. குழந்தை வாலுவுக்கு முன்பல் ஆடுகிறது என்று பள்ளிக்கூட வாசலில் பார்த்த யாரோ சொன்னார்கள். விழுந்துவிட்டதா? உன் அத்தை கேட்கச் சொன்னாள். நானும்தான் கேட்கிறேன்.


மார்ச் 14

மாமாவுக்கு,

அலுவலகத் தாளின் அடியில் பல்லைப் பற்றி எழுதிவிட்டீர்கள். இனி நானும் மேலாளர் அவர்களே என்று எழுத முடியாது.

ரசீதுகளைப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி காசு கட்டியிருக்கிறீர்கள், தேதி தவறாமல். ஆனால் அதில் இருப்பது என் எண் இல்லை. யார் எண் என்று எனக்குத் தெரியும். எட்டு வருஷம் அந்த எண்ணை அவருக்காக நான்தானே ஒவ்வொரு படிவத்திலும் எழுதினேன். அவருக்குக்கூடப் பார்த்துத்தான் எழுத வரும், எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். உங்கள் மகன் போய் இரண்டு வருஷம் ஆகிறது மாமா. என் பில்லில் என் பெயரும் என் எண்ணும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கிறவர் நீங்கள். ஒரு பில்லில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் திருப்பி அனுப்புவீர்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவருக்கு மாதா மாதம் கைதவறுமா?

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் தனியாக நிற்கக் கூடாது என்று உங்கள் வீட்டில் நினைத்தார்கள். ஏட்டில் வருமானமே இல்லாதவளுக்கு யார் வீடு தருவார்கள்? இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாக வந்து சேருவாள்.

காரியம் முடிந்த அன்று கூடத்தில் அத்தை என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். “மறைச்சு மறைச்சே எம்புள்ளையக் கொண்டுபோயிட்டா” என்றார்கள். பெற்ற வயிறு, சொல்லட்டும். அவர்களை நான் என்றோ விட்டுவிட்டேன். நீங்கள் எதிரே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

மருமகள்


மார்ச் 20

மருமகளுக்கு,

நீ நினைப்பது போல இல்லை. ஆனால் அப்படி நினைக்க உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வேலை செய்து தருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் கணினியில் ஒரு பக்கம் உண்டு. பெயர், வங்கிக் கணக்கு, வரி எண் எல்லாம் அதில் இருக்கும். அவன் போன பிறகு, புத்தகப் பிரிவில் இருந்த அம்மாள் வேலையை உன் பெயரில் கொடுத்தாள். உன் முதல் பில் வந்தது. முறைப்படி அவன் பக்கத்தை மூடிவிட்டு உனக்குப் புதுப் பக்கம் திறக்க வேண்டும். மூடப் போனால், காரணம் என்ன என்று கணினி கேட்கும். நாலு காரணம் வரிசையாக வரும். ஒப்பந்தம் முடிந்தது. வேலை திருப்தியில்லை. வேறு இடம் போனார். நாலாவதை நான் எழுதத் தேவையில்லை.

நான் அன்று நாலாவதன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் “கணினி மாட்டிக்கிச்சா சார்?” என்று எட்டிப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லி மூடிவிட்டேன். பணம் உனக்கு வர வேண்டுமே. அதனால் அவன் பக்கத்திலேயே வங்கிக் கணக்கை மட்டும் உன்னுடையதாக மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே விட்டேன். அடுத்த மாதம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வந்தபோது, அதற்கடுத்த மாதம் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போனது. மாதம் முடிந்தால் வரி கட்டுவோர் பட்டியல் அச்சாகி என் மேஜைக்கு வரும். அதில் அவன் பெயர் இருக்கும். மற்றவர்களைப் போலவே வேலை செய்திருக்கிறான், வரி கட்டியிருக்கிறான். நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். அந்தக் காசு உன் உழைப்பிலிருந்து போகிறது என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன், நிறுத்தவில்லை.

போன மாதம் வரி அலுவலகத்திலிருந்து அவனுக்கு வீட்டு விலாசத்தில் ஒரு கடிதம் வந்தது. வருமானம் இருந்தும் ஏன் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று கேட்டிருந்தார்கள். உன் அத்தைதான் வாங்கினாள். “அவனுக்கு லெட்டர் வந்திருக்குங்க” என்று வாசலிலிருந்தே கூப்பிட்டாள். அந்தக் குரலை நான் இந்த இரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. அதை அவன் அறையில், அவன் மேஜை மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். பிரிக்க வேண்டாம் என்கிறாள்.

திருத்தலாம். முதலாளி கையெழுத்துப் போட்ட திருத்தக் கணக்கு தர வேண்டும், அபராதம் கட்ட வேண்டும். அவரிடம் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. எதற்கு உனக்கு இரும்பு அராவும் சத்தத்தில் ஒற்றை அறை? இங்கே மாடி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. அங்கேயும் ஜன்னல் இருக்கிறது.

மாமா


மார்ச் 27

மாமாவுக்கு,

கோபப்படாதே என்று எழுதிவிட்டுக் கோபம் வருகிற மாதிரியே கேட்டிருக்கிறீர்கள். மாடிக்கு நான் வர மாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அழுது முடித்த பிறகு யோசித்தால், என் வேலையை எடுத்து உங்கள் மகனுக்குப் போட்டு அழகு பார்த்திருக்கிறீர்கள். அவன் வேலை செய்திருக்கிறான் என்று எழுதுகிறீர்கள். இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் தவளையின் உள்ளுறுப்புப் படம் இருக்கிறது அல்லவா? உங்கள் நண்பர்களுக்கெல்லாம் காட்டினீர்களே. அது தொடங்கி எல்லாமே நான் வரைந்தவை. அதற்கு முன்பே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நேர்கோடு போட்டால் புழு மாதிரி வரும். உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டே இருந்ததை நீங்கள் திமிர் என்றீர்கள். “பெரியவங்க முன்னாடி கைய எடுடா” என்று நீங்கள் அதட்டிய அன்று, வீட்டுக்கு வந்து அந்தக் கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். “அப்பா சொல்லித்தான் இந்த வேலை வந்துச்சு. தெரிஞ்சா அவரே நிறுத்திடுவார், அவருக்குக் கணக்கு சுத்தமா இருக்கணும்” என்றார். டாக்டர்களைப் பார்க்காமல் இல்லை. மூன்று பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். கை, பிறகு கால், பிறகு மூச்சு என்று வரிசை சொன்னார்கள். அந்த வரிசையிலேயே நடந்தது.

நான் வரைய, அவர் பக்கத்தில் உட்கார்ந்து “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்பார். சரியாகத்தான் சொல்வார். அவர் கண் நடுங்கவில்லை. பில்லில் அவர் பெயர், கோடெல்லாம் என்னுடையது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, மனமறிந்து கொடுத்தேன்.

கடைசியாக, பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் இதயக் குறுக்குவெட்டு. நிறைய படங்கள், பெரிய வேலை. மற்றதை வீட்டில் முடித்துவிட்டு, அந்த இதயத்தை மட்டும் ஆஸ்பத்திரியில், சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் வைத்து வரைந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் எட்டிப் பார்த்து “யாரோட இதயம்?” என்று கேட்டாள். பத்தாம் வகுப்போடது என்றேன். பார்வையாளர் நேரத்தில் நீங்கள் வந்தால் தாளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அந்த பில்லை அவர் போன பிறகுதான் அனுப்பினேன்.

அவர் இருந்தவரை நானாகக் கொடுத்தேன். போன பிறகு என்னைக் கேட்காமல் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அதைத் திருப்பித் தாருங்கள்.

மருமகள்


ஏப்ரல் 5

மருமகளுக்கு,

இதயப் படத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். அவன் போட்டோவுக்குப் பக்கத்தில். உனக்குத் தெரியாது, காரியம் முடிந்து நீ போன பிறகு மாட்டியது. உன் கடிதம் வந்ததிலிருந்து நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சமையலறைக்குப் போய் வருகிறேன். உன் அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை.

கையை எடுடா என்று சொன்னேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் எடுக்கவில்லை. நான் சாப்பிடாமல் எழுந்து போனேன். அவனாவது சாப்பிட்டிருக்க வேண்டும், அவனும் சாப்பிடவில்லை. கரண்டியைப் பிடிக்க முடியாததால் என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். “என்னங்க இது, போனவருக்கு ரெண்டு வருஷமா வரி கட்டியிருக்கோமா? அவருக்கு நோட்டீஸ் வேறயா?” என்றார். பிறகு அது யாருடைய பெயர் என்று பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். அபராதத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்றார். ஜூனில் என் பணி நீட்டிப்பு முடிகிறது. இன்னொரு வருஷம் தருவதாக முன்பு சொல்லியிருந்தார். இப்போது, “போதும்ங்க, வீட்டுல ஓய்வெடுங்க” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்குக் கூடத்தில் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். நான் பயந்து சும்மா இருக்கவில்லை. உன் அத்தை சொன்னது எனக்கும் அப்போது ஆறுதலாக இருந்தது. யார் மேலாவது பழியைப் போட்டுவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் போல இருந்தது. நீ பக்கத்தில் நின்றாய், உன் மேல் விழுந்தது. அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்பது உப்புச் சப்பில்லாத காரியம் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

மாமா


ஏப்ரல் 12

மாமாவுக்கு,

உங்கள் வேலை போகும் என்று நான் நினைக்கவில்லை. கணக்கைத் திருத்துங்கள் என்றுதான் கேட்டேன். மேஜை இல்லாமல் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டு நேற்று ஒரு இலையின் நரம்புகளைத் தப்பாக எண்ணிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பொய்யாக ஒரு காரணம் சொல்லியிருந்தால் சுலபமாகக் கோபித்துக்கொண்டிருப்பேன். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

வாலுவுக்குப் பல் விழுந்துவிட்டது. சாவிக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டி, “இதுக்கு ஒரு சாவி செஞ்சு மறுபடி மாட்டுங்க” என்று கேட்டிருக்கிறாள். அவர் பல்லை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாடல் இப்போது வருவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். சிரிக்கும்போது அப்படியே அவர் மாதிரி இருக்கிறாள். அத்தையிடம் சொல்லுங்கள்.

வங்கிக்குப் போயிருந்தேன். திருத்தம் ஏட்டில் ஏறினால் போதும், பழைய கதை வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். ஆனால் அவர்கள் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள், இவ்வளவு வருமானம் இருந்தால்தான் கடன் என்று. கூட்டிப் பார்த்தோம். இந்த இரண்டு வருஷ பில் எல்லாமே சேர்ந்தால் கோட்டை மயிரிழையில் தாண்டுகிறேன். ஒரு பெரிய பில் குறைந்தாலும் இல்லை. அதனால் தயவுசெய்து எதுவும் விட்டுப்போகாமல் பாருங்கள்.

மருமகள்


ஏப்ரல் 20

மருமகளுக்கு,

பல்லின் கதையை உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னாள்.

திருத்தக் கணக்கு தயாராகிவிட்டது. உன் பில்கள் ஒவ்வொன்றையும் அவன் எண்ணிலிருந்து எடுத்து உன் எண்ணில் போட்டுவிட்டேன், ஒன்றைத் தவிர. அந்த இதயப் புத்தகத்தின் பில். அது மற்றவை போல இல்லை. வேலையை ஒப்புக்கொண்ட தாளில் கையெழுத்து அவனுடையது. பில் மட்டும் பிறகு வந்தது. சட்டம் என்ன சொல்கிறதென்றால், வேலை அவன் செய்ததானால் வருமானம் அவனுடையது. அது அவன் எண்ணிலேயே இருக்கலாம், வாரிசாக நீ அவனுக்குக் கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்தால் போதும். வேலை நீ செய்ததானால் உன் எண்ணுக்கு வர வேண்டும். யார் செய்தது என்று எழுத்தில் இருந்தால் அதை வைத்து முடித்துவிடுவேன்.

நீ ஏற்கெனவே எழுதியிருக்கிறாய். ஆனால் கோபத்தில் எழுதினாய். அதனால் இன்னொரு முறை கேட்கிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதையே போடுகிறேன், மேலே கேள்வி கேட்க மாட்டேன்.

இதை உனக்குச் சொல்லக் கூடாது, ஆனால் கை நிற்கவில்லை. உன் அத்தை தினமும் காலையில் அந்தச் சட்டத்தைத் துணியால் துடைக்கிறாள். நேற்றும் துடைத்துவிட்டுச் சொன்னாள், “அந்த நிலைமையிலயும் கையே நடுங்காம வரைஞ்சிருக்கான் பாருங்க.”

மாமா


ஏப்ரல் 26

மாமாவுக்கு,

அது அவர் வரைந்தது.

போன மாதம் கோபத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். மற்றவை நான் வரைந்தவைதான். ஆனால் அந்த இதயத்தை மட்டும் அவர்தான் வரைந்தார். அந்த வாரம் நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவரே பேனாவைப் பிடித்து வரைந்தார். நான் பலகை ஆடாமல் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதனால் அதை அவர் எண்ணிலேயே விட்டுவிடுங்கள். கடைசிக் கணக்கில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

வங்கியைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஏதாவது வழி பார்த்துக்கொள்வேன். அறை போனால் வேறு அறை. ஊரில் ஜன்னலுக்கா பஞ்சம்?

அத்தை சட்டத்தைத் துடைக்கட்டும்.

மருமகள்


மே 4

மருமகளுக்கு,

உனக்குப் பொய் சொல்ல வரவில்லை அம்மா. படம் வரைகிறவள், இல்லாத சாமான்களை அதிகமாக வரைந்துவிட்டாய்.

அந்த வாரம் முழுக்க நானும்தானே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டம்ளரை அவன் வாயருகே நான்தான் பிடித்தேன். அவன் விரலை என் கையால் மூடி டம்ளரைச் சுற்றி வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. காய்ச்சலில் சோர்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய். உன் நடுவிரலில் கறுப்பு மை இருந்தது. பார்த்தேன். கணக்குப் பார்க்கிறவனுக்கு மைக்கறை தெரியாமல் போகுமா? என்ன எழுதுகிறாய் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

நீ என்ன சொன்னாலும் போடுகிறேன் என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கை மீறிவிட்டேன். இதயத்தை உன் எண்ணில் போட்டுவிட்டேன். சாட்சிக்கு உன் மார்ச் மாதக் கடிதத்தின் அந்தப் பகுதியை மட்டும் நகலெடுத்து இணைத்தேன். வங்கிக் கோட்டை நீ தாண்டிவிடுவாய். அறையை வாங்கு. மாடியைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டதும் உன்னைப் பிடித்து வைக்கும் வழிதான்.

அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லை. வேலை இல்லாத பெயர், மூட வேண்டும் என்று கணினி சொன்னது. காரணம் கேட்டது. நாலாவதை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று இன்னொரு முறை கேட்டது. அப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது, அதுவரை நான் போனதில்லையே. ஆமாம் என்று அழுத்தினேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கைநடுக்கம், தவளை, இதயம் எல்லாம். கத்துவாள், சட்டத்தைக் கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். சட்டத்தின் முன்னால் போய் நின்றாள். கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே, “அப்ப அவளுக்குக் கை நடுங்கலியா?” என்று கேட்டாள்.

உன்னிடம் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மாமா


மே 29

அத்தைக்கும் மாமாவுக்கும்,

திருத்தம் ஏட்டில் ஏறிவிட்டது. வங்கி கையெழுத்துப் போட்டது. இன்று காலையிலிருந்து அறை என்னுடையது. சாவிக்கடைக்காரர் புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி செய்து கொடுத்தார். “இன்னொண்ணு யாருக்குக்கா?” என்று கேட்டார். இரண்டாவது சாவி வழக்கமாகக் கணவனுக்குத்தான் என்று கேட்ட பிறகே அவருக்கு உறைத்தது, குனிந்து இரும்பை அராவத் தொடங்கினார்.

நான் மாடிக்கு வரவில்லை என்பதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாலு அங்கே வருவாள். நான் கொண்டுவந்து விடுகிறேன். வாசலோடு திரும்புவேனா, உள்ளே வருவேனா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

அத்தை கேட்டதற்குப் பதில். நடுங்கியது அத்தை. முதல் தடவை போட்ட கோடு ஒன்றுகூட நிற்கவில்லை. அழித்து அழித்துத் திரும்பப் போட்டேன். பல இடங்களில் தாளே மெலிந்துவிட்டது. நிறுவனத்துக்குப் போனது பிரதி, அதனால் அச்சில் தெரியாது. அசல் தாளை இத்துடன் அனுப்புகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

அதை அனுப்ப இன்னொரு காரணமும் இருக்கிறது. அதன் வலது ஓரத்தில் ஒரு கோடு இருக்கும், வளைந்து நெளிந்து. கடைசி நாளுக்கு முன் தினம் அவர் கண் விழித்தார். படத்தைப் பார்த்தார். இடது அறைக்குப் பெயர் எழுதும் கோட்டை நான் போட மறந்திருந்தேன். பேனாவுக்குக் கை நீட்டினார். பேனாவை அவர் விரலுக்குள் வைத்து, என் கையால் மூடிப் பிடித்தேன். “விடு, நானே” என்றார். விட்டேன். பாதி தூரம் வந்தார். இதயம் வரை வரவில்லை. பேனா விழுந்துவிட்டது.

அழிக்க எனக்கு மனம் வரவில்லை. பிரதி எடுக்கும்போது அந்த ஓரத்தை மறைத்துவிட்டுப் பக்கத்தில் வேறு கோடு போட்டேன். மாமா, நான் எழுதிய பொய்யில் அவ்வளவு மட்டும் நிஜம். அந்தக் கோடு அவருடையது. அதற்கு நான் பில் அனுப்பவில்லை.

உங்கள் மருமகள்